இமாச்சலிலுள்ள காசா ஊருக்குப் போகிற கேம்பருக்கு பேட்டரி யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பொலிரோ பிக்கப்பின் பின்னால் கூண்டு கட்டி நானும் மனைவியும் எட்டு மாதமாக அதிலேயே குடியிருக்கிறோம். வேலையும் அதற்குள்தான்.

செப்டம்பர் கடைசியில் மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக காசா போகிறோம். காசாவே 3,600 மீட்டருக்கு மேல். ராத்திரி குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்கிறார்கள். எங்களுடையது 12.8 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. கணக்குக்கு 1,280 வாட்-ஹவர். இரண்டு லேப்டாப், ரவுட்டர், குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரு நாள் தாங்கும். கவலை அதுவல்ல. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். எங்கள் பேட்டரிப் பெட்டியோ வெளியே, பின்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. இப்போதே மூடியின் விளிம்பெல்லாம் சேறு. விற்றவரைக் கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி அதன் பிஎம்எஸ்ஸில் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

கட்டிலுக்கடியில் மாற்றிவிடலாமா, அல்லது ஹீட்டிங் பேட் போதுமா? வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்ற எத்தனை ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்திருக்கிறீர்கள்? அந்தப் பக்கம் குளிரில் தங்கி வேலை பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பெட்டியின் படம் கமெண்ட்டில் போடுகிறேன்.