டே ஸ்காலருக்கு கேம்பஸ் தெரியாதாம்! (லேடிஸ் சீட் சூரிய உதயப் பஞ்சாயத்து)

மேச்சேரி டவுன்பஸ்:
பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்புல நேத்து ராத்திரி ஒரு அண்ணன் போட்டத அப்படியே இங்க ஒட்டறேன், அவரு இங்கயும் ஹாஸ்டல்ராஜாங்கற பேர்ல சுத்திட்டுதான் இருக்காரு, வந்து பதில் சொல்லட்டும்.

"டே ஸ்காலரா படிச்சவன் டிகிரி வாங்கினான், கேம்பஸ வாழல. நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல்ல இருந்து சைக்கிள எடுத்தா அஞ்சரைக்கு ஏற்காடு மலைல லேடிஸ் சீட்டு வியூ பாயிண்ட்டு. அங்க உக்காந்து சூரியன் உதிக்கறத பாத்துட்டு, கீழ எறங்கி குளிச்சு, ஒம்போதரை கிளாஸுக்கு மொத பெஞ்சு. தூக்குப்போசி எடுத்துட்டு பஸ்ல வந்துட்டு போன பசங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது."

தூக்குப்போசிய பத்தி பேசினது இருக்கட்டும், அதுல எங்கம்மா போட்ட பழைய சோறும் வெங்காயமும் உங்க மெஸ்ஸு உப்புமாவ விட நல்லாவே இருந்துச்சு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. லேடிஸ் சீட்ல நின்னா கீழ சேலம் டவுன் தெரியும், வானம் தெளிவா இருந்தா மேட்டூர் டேம் தண்ணி தெரியும். மேட்டூர் எங்க இருக்கு? ஏற்காட்டுக்கு மேக்கால இருக்கு. நான் மேட்டூர் ரோட்டுக்காரன், எனக்கு திசை சொல்லித்தர வேண்டாம். ஊரே லேடிஸ் சீட்டுக்கு சாயங்காலம் சூரியன் மறையறத பாக்கப் போகுது, இவரு மட்டும் அங்க உதிக்கறத பாத்திருக்காரு. மேக்க சூரியன் உதிச்ச அந்த கேம்பஸ் எனக்கு நெசமாவே தெரியாதுங்க, ஒத்துக்கறேன்.

ஹாஸ்டல்ராஜா:
தம்பி, ஒரு பதிவுல ஆயிரம் விஷயம் சொல்லிருக்கேன், நீ ஒரு சூரியன புடிச்சுட்டு தொங்கற. நான் பேசினது ஒரு வாழ்க்கைய பத்தி. பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி ஒரு ரூமுல பதினாலு பேரு, ஒருத்தன் சத்தமா படிப்பான், மத்தவன் கேட்டுட்டே படுத்திருப்பான், விடிஞ்சா அத்தன பேரும் பாஸு. உனக்கு வீட்டுல யாரு படிச்சு சொன்னாங்க?

மேச்சேரி டவுன்பஸ்:
யாரும் சொல்லலீங்க அண்ணா, எங்க வீட்டுல படிக்கத் தெரிஞ்ச மொத ஆளே நான்தான். காலைல அஞ்சுக்கு எந்திரிச்சு மாட்டுக்கு சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு மொத பஸ்ஸ புடிச்சு, ஓமலூர்ல எறங்கி அடுத்த பஸ் மாறி, அதுல படிக்கட்டுல ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய, பேக்க உள்ள உக்காந்திருக்கற ஏதாவது ஒரு அக்கா மடில குடுத்துட்டு, அந்தப் பேக்குக்குள்ள இருக்கற நோட்ட மனசுக்குள்ளயே படிச்சுட்டு வருவேன். சாயங்காலம் கெமிஸ்ட்ரி லேப்ல டைட்ரேஷன் பாதில நிக்கும், நாலு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறே காலு. பாதி நாள் கலர் மாறற எண்ட் பாயிண்ட்ட பாத்ததே இல்ல, பக்கத்து டேபிள் ரீடிங்ல ரெண்ட கூட்டி ஒண்ண குறைச்சு எழுதிட்டு ஓடிருக்கேன். இதுவும் கேம்பஸ்தான்.

ஆனா பேச்ச மாத்தாதீங்க. மேட்டூர் எந்தத் திசை?

அஸ்தம்பட்டி அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சைக்கிள எடுத்தாராம். எங்க ஹாஸ்டல்ல ஆறரைக்கு கேட்ட பூட்டுவாங்க. ஆறு முப்பத்தஞ்சுக்கு வந்தா வார்டன் மேடத்துக்கு லெட்டர் எழுதணும், அதுல அப்பா கையெழுத்து வேணும், அப்பா தர்மபுரில இருப்பாரு. லைப்ரரி எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும்னு போர்டு இருக்கும், எங்களுக்கு அது ஆறு இருபதோட முடிஞ்சுரும். ரெஃபரன்ஸ் புக்கு வெளிய தரமாட்டாங்க, அதனால எங்க கிளாஸ் பசங்க யாராவது பாத்து எழுதிட்டு வந்து குடுத்தாதான் உண்டு, அவன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். லேடிஸ் சீட்டுன்னு பேரு வெச்சிருக்காங்க, நீங்கதான் உக்காந்துட்டு வந்திருக்கீங்க. நான் சேலத்துல அஞ்சு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தேன், ஏற்காட்ட ரூம் ஜன்னல்ல பாத்ததோட சரி.

ஹாஸ்டல்ராஜா:
மேடம் உங்க பிரச்சனை வேற, நான் பேசறது வேற.

அஸ்தம்பட்டி அக்கா:
வேறயா? ஹாஸ்டலர்னா கேம்பஸ வாழ்ந்தவன்னு நீங்கதான எழுதினீங்க? நான் ஹாஸ்டலரா இல்லயா?

பழைய நூலகன்:
முதல்ல ஒரு விஷயத்த தெளிவு பண்ணிக்கலாமே. கேம்பஸ் பல்கலைக்கழகம்னா என்னங்கறதே இங்க யாரும் சொல்லல. சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழகம் 1929-ல ஆரம்பிச்சப்பவே அங்கயே தங்கி அங்கயே படிக்கற மாதிரிதான் அமைச்சாங்க. அது ஒரு வகை. பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல வந்தது, அதுக்கு முன்னாடி சேலம் பக்கத்துக் காலேஜுகளுக்கெல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி சர்ட்டிபிகேட்தான். இதுல கேம்பஸுக்குள்ள இருக்கற துறைகள்ல படிச்சவங்க கொஞ்சம், சேலம் நாமக்கல் தர்மபுரி கிருஷ்ணகிரின்னு வெளிய இருக்கற இணைப்புக் கல்லூரிகள்ல படிச்சவங்கதான் ரொம்ப அதிகம். நான் எந்த எடத்தையும் குறை சொல்லல, பொதுவா சொல்றேன். அப்ப யார கேம்பஸ் மாணவர்னு சொல்றோம்னு முடிவு பண்ணிட்டு பேசினா

மேச்சேரி டவுன்பஸ்:
சார் உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா சூரியன் எந்தப் பக்கம் உதிச்சதுன்னு அவரு இன்னும் சொல்லல.

தட்டுவடைசெட்:
எனக்கு சூரியன் மேல சந்தேகம் இல்ல, சைக்கிள் மேலதான் சந்தேகம். சேலம் 300 மீட்டர் ஒசரம்கூட இல்ல, ஏற்காடு 1500. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கியர் இல்லாத அட்லஸ்ல, அதுவும் கேரியர்ல ஒருத்தன வெச்சுட்டு (இவரு தனியா போயிருக்க மாட்டாரு, சொந்தமா சைக்கிளே கெடையாது) மூணரை மணி நேரத்துல ஏறினாருன்னா ஒலிம்பிக்குக்கு அனுப்பிருக்கணும். நாலாவது வளைவுலயே தள்ளிட்டு நடந்திருப்பாங்க. எறங்கறப்ப இன்னும் மோசம், பிரேக் கட்டை தேஞ்சு தீஞ்ச வாசன வரும், செருப்ப ரோட்டுல தேச்சுட்டேதான் வரணும். பழைய பஸ் ஸ்டாண்ட் கிட்ட ரெண்டு தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு தூங்கிருப்பாரு, கனவுல ஏற்காடு வந்திருக்கும்.

ஹாஸ்டல்ராஜா:
சைக்கிள் எங்கிட்ட இல்லதான், வாடகை சைக்கிள்ல போனோம். நீ யாருன்னு எனக்கு தெரியும்டா. தேர்ட் செமஸ்டர்ல எங்கிட்ட ரெக்கார்டு நோட்டு வாங்கிட்டுப் போய் இன்னும் குடுக்காதவன்தான நீ? அதுல எத்தன படம் வரஞ்சிருந்தேன் தெரியுமா? நீ எனக்கு பிரேக் கட்டைய பத்தி கிளாஸ் எடுக்காத.

தட்டுவடைசெட்:
நோட்ட நான் அடுத்த வாரமே உங்க ரூம் மேட் கைல குடுத்தேன். அவர கேளுங்க.

ஹாஸ்டல்ராஜா:
அவன் துபாய்ல இருக்கான்.

தட்டுவடைசெட்:
துபாய்ல போன் இல்லயா?

கொல்லிமலைக் காத்து:
இருவது வளைவுக்கா இவ்வளவு அலம்பல்? எங்க கொல்லிமலைக்கு வாங்க, 70 கொண்டை ஊசி. நாங்க அங்க இருந்து எறங்கி வந்து படிச்சோம், பதிவு போட்டுட்டு திரியல.

சேலத்து மல்கோவா:
வந்துட்டாருய்யா நாமக்கல்லு. 1997 வரைக்கும் நீங்களும் சேலம் ஜில்லாதான் சாமி, எங்க கணக்குலதான் அந்த எழுவதும் இருந்துச்சு.

கொல்லிமலைக் காத்து:
பிரிஞ்சதுக்கப்பறம்தான் எங்களுக்கு நல்லதே நடந்துச்சு. முட்டைய திங்கறீங்கல்ல, அது எங்க ஊருது, அத மட்டும் மறந்துராதீங்க.

சேலத்து மல்கோவா:
மாம்பழத்த திங்கறப்ப நீங்களும் மறக்காதீங்க.

வெள்ளக்கடை பையன்:
நான் ஏற்காட்டு மலைமேலயே பொறந்தவன். பேசலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரமா படிச்சுட்டே இருந்தேன். எங்கப்பா அம்மா காப்பி எஸ்டேட்டுல கூலி வேலை. ப்ளஸ் டூ முடிச்சு கீழ படிக்க வந்தப்ப கேம்பஸ் ஹாஸ்டலுக்கு கட்டற அளவுக்கு காசு இல்ல, டவுனுக்குள்ள கவர்மெண்ட் விடுதில சேர்ந்தேன். அது கேம்பஸுக்குள்ள இல்ல, அங்க இருந்து பஸ்ல வந்துட்டு போகணும். அப்ப நான் ஹாஸ்டலரா டே ஸ்காலரா? எங்க டிபார்ட்மெண்டுல ஹாஸ்டல் பசங்க என்ன டே ஸ்காலர்னாங்க, டே ஸ்காலர் பசங்க ஹாஸ்டலுன்னாங்க, டூர் போறப்ப ரெண்டு லிஸ்ட்லயும் என் பேர் இல்ல.

அப்பறம் நீங்க ராத்திரில மலை ஏறினத பெருமையா சொல்றீங்க. எங்க பக்கம் இருட்டினா காட்டுமாடு ரோட்டுல நிக்கும், நாங்க வீட்ட விட்டு வெளிய வர யோசிப்போம். சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போய்ட்டு திங்கக்கிழமை விடியக்காத்தால பஸ்ல எறங்கறப்ப ஒவ்வொரு வளைவுக்கும் வயிறு பொரட்டும், எலுமிச்சம்பழத்த மோந்துட்டே எறங்கி நேரா செமினார் எடுக்கப் போயிருக்கேன். சட்டைல அந்த பஸ்ஸு வாசனை இருக்கும்.

மேச்சேரி டவுன்பஸ்:
வாங்க தம்பி, உங்களுக்காகத்தான் காத்துட்டிருந்தேன். உள்ளூர்க்காரர் நீங்களே சொல்லுங்க, லேடிஸ் சீட்ல சூரியன் உதிக்கறது தெரியுமா தெரியாதா?

வெள்ளக்கடை பையன்:
அது சாயங்காலத்துக்குத்தான் நல்லா இருக்கும். காலைலன்னா பகோடா பாயிண்ட் பக்கம் போகணும், அது கெழக்கால இருக்கு. ஆனா நான் கேட்டது அது இல்லைங்களே.

மேச்சேரி டவுன்பஸ்:
முடிஞ்சுது. உள்ளூர் சாட்சி. எழுதிக்கங்க எல்லாரும்.

ஹாஸ்டல்ராஜா:
ஒரு மண்ணும் முடியல. நாங்க போனது மார்கழி மாசம். மார்கழில சூரியன் நேர் கெழக்கால உதிக்காது, தெக்க தள்ளி உதிக்கும், ஸ்கூல் புக்குலயே இருக்கு. லேடிஸ் சீட்டு தெக்கயும் பாத்ததுதான, சேலம் தெரியுதுன்னு நீயே சொன்ன. சேலம் ஏற்காட்டுக்கு எந்தப் பக்கம்? தெக்க. அப்ப?

மேச்சேரி டவுன்பஸ்:
அய்யய்யோ, இப்ப சூரியனையே நகத்த ஆரம்பிச்சுட்டாரு. தெக்க தள்ளி உதிச்சாலும் கெழக்கு ஓரத்துலதான உதிக்கும், அந்தப் பக்கம் மலையே மறைச்சுட்டு நிக்குமே. மார்கழின்னு வேற சொல்லிட்டீங்க, மார்கழில விடியக்காத்தால ஏற்காட்டுல பனி எறங்கினா பக்கத்துல நிக்கறவன் மூக்கே தெரியாது. கால் சட்டையும் பனியனும் போட்டுட்டுப் போய் அந்தக் குளுருல உக்காந்தவங்களுக்கு சூரியன் தெரிஞ்சிருக்கு. இந்தக் கதைய நம்பி மூணு பேட்ச் ஜூனியர் பசங்க வாய பொளந்துட்டு நின்னத நான் கண்ணால பாத்திருக்கேன்.

இன்னொண்ணும் சொல்றேன், இத்தன வருஷமா மனசுலயே வெச்சிருந்தது. ஃபேர்வெல் அன்னிக்கு மேடைல ஹாஸ்டல் பசங்களுக்கு மட்டும் அஞ்சஞ்சு நிமிஷம் மைக் குடுத்தாங்க. டே ஸ்காலர் எங்க எல்லாத்துக்கும் சேத்து ஒரு ஆள். அந்த ஆளும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதில எறங்கிட்டான். அன்னிக்கும் இவரு இதே சைக்கிள் கதையத்தான் சொன்னாரு. அன்னிக்கு மூணு மணிக்கு கிளம்பினேன்னாரு, இன்னிக்கு ரெண்டு மணி ஆயிருச்சு.

அஸ்தம்பட்டி அக்கா:
அந்த வெள்ளக்கடை தம்பி கேட்டதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்கப்பா.

ஹாஸ்டல்ராஜா:
மைக்க நானா புடிங்கி வெச்சிருந்தேன்? ஆர்கனைஸ் பண்ணது நாங்க, பந்தலுக்கு காசு போட்டது நாங்க, நாலு பத்து பஸ்ஸுன்னு ஓடினவன் எல்லாம் மைக்கு கேக்கறான். சரி மெஸ் பில்லயாவது ஒரு மாசம் கட்டிப் பாத்திருக்கியா? டிவைடிங் சிஸ்டம், மொத்த செலவ தல கணக்குல பிரிப்பாங்க, ஊருக்குப் போறதுன்னா முன்கூட்டியே எழுதி வெச்சாதான் கழிப்பாங்க, மறந்தா நீ திங்காத சோத்துக்கும் நீதான் கட்டணும். செமஸ்டர் லீவ் முடிஞ்சு வந்தா பாதிப்பேரு பாக்கி, பாக்கி இருந்தா ஹால் டிக்கெட் கைக்கு வராது. அந்தக் கஷ்டத்துல இருந்தவன் ஒரு நாள் மலை ஏறினா உனக்கு வயிறு எரியுது.

தட்டுவடைசெட்:
மெஸ் பில்ல பத்தி நீங்க பேசலாமா அண்ணா? எக்ஸ்ட்ரா ஆம்லெட் எல்லாம் யாரு பேர்ல எழுதினீங்கன்னு இங்க சொல்லட்டுமா? ரூம் நம்பரோட சொல்வேன்.

ஹாஸ்டல்ராஜா:
சொல்லுடா. அதுக்கு முன்னாடி என் ரெக்கார்டு நோட்ட குடுத்துட்டு சொல்லு.

பழைய நூலகன்:
நான் ஆரம்பத்துலயே சொன்னேன், வரையறை இல்லாம பேசினா இப்படித்தான் போகும்.

சேலத்து மல்கோவா:
சார் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நீங்க எந்த பேட்ச்? லைப்ரரில ஃபைன் போட்டு எழுவத்தஞ்சு ரூபா வாங்கினது நீங்கதானா?

வெள்ளக்கடை பையன்:
விடுங்க அக்கா. எனக்கு நாளைக்கு டூட்டி இருக்கு, நான் தூங்கறேன்.

மேச்சேரி டவுன்பஸ்:
தம்பி போறதுக்கு முன்னாடி அந்த பகோடா பாயிண்ட் கெழக்கேன்னத இன்னொரு தடவ தனியா ஒரு பதிவா போட்டுட்டுப் போங்க, நான் அத வாட்ஸ்அப் குரூப்புல ஒட்டணும். ஆம்லெட்டு, நோட்டு, பந்தல் எல்லாம் நீங்க அப்பறமா பேசிக்கங்க. அண்ணா, மேட்டூர் எந்தத் திசை?

ஹாஸ்டல்ராஜா:
பஸ்ல வந்தவனுக்கு பஸ் போற திசை மட்டும்தான்டா தெரியும்.

மேச்சேரி டவுன்பஸ்:
அந்த பஸ்ஸும் மேட்டூருக்குத்தான் போகுது. மேக்க.