பாட்டுக் கொப்பி

குழு: வெள்ளவத்தை வீடு

சித்தப்பா, மாலை 7:12
சனிக்கிழமை அம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்குப் பாட்டுப் பட்டியலை நானே போடுகிறேன். ஒரு நிபந்தனை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாடின பாட்டு மட்டும்தான். இப்போது வருகிறவர்கள் தமிழைக் கடித்துத் துப்புகிறார்கள்.

தம்பி, 7:15
சித்தப்பா, பி. சுசீலா இருக்கலாமா?

சித்தப்பா, 7:15
என்ன விசர்க் கேள்வி? சுசீலா இல்லாமல் பிறந்தநாளா?

தம்பி, 7:16
அவர் ஆந்திராவின் விஜயநகரம். தாய்மொழி தெலுங்கு.

சித்தப்பா, 7:19
1968இல் வந்த படங்களுக்குத்தான் பின்னணிப் பாடகி விருது என்று முதன்முதலாகத் தேசிய விருதில் கொடுத்தார்கள். அது சுசீலாவுக்கு. அதுவும் ‘உயர்ந்த மனிதன்’ படத்துத் தமிழ்ப் பாட்டுக்கு. பிறகென்ன தெலுங்கு?
சரி, ஜானகி. ‘சிங்காரவேலனே’ பாட்டில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கே ஈடு கொடுத்தவர்.

தம்பி, 7:20
குண்டூர்ப் பக்கம்.

சித்தப்பா, 7:20
பி.பி. ஸ்ரீநிவாஸ்?

தம்பி, 7:20
காக்கிநாடா.

பெரிய மாமி, 7:21
ஜேசுதாஸ் என்று மட்டும் கேட்டுவிடாதே 😂

சித்தப்பா, 7:23
டி.எம்.எஸ்.! மதுரைக்காரர். இதற்கு என்ன சொல்கிறாய்?

தம்பி, 7:24
ஊர் மதுரைதான். வீட்டில் பேசியது சௌராஷ்டிரம்.

சித்தப்பா, 7:25
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய மாமி, 7:32
அழித்தாலும் நான் வாசித்துவிட்டேன். பிள்ளையை ஏசாதே.
எஸ்.பி.பி. கதை தெரியுமா? தொடக்கத்தில் எம்.எஸ்.வி.யிடம் போய்ப் பாடிக் காட்டினாராம். குரல் நல்லது, தமிழைத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டாராம். அப்படிச் சொன்னவரின் தாய்மொழி மலையாளம்! அதற்குப் பிறகுதான் 1969இல் ‘ஆயிரம் நிலவே வா’.
நாங்கள் இதையெல்லாம் எங்கே யோசித்தோம்? காலையில் இலங்கை வானொலியில் ‘பொங்கும் பூம்புனல்’ போனால் சோறு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாது. அறிவிப்பாளர் படம் சொல்வார், பாடியவர் சொல்வார். ஒருநாளும் தாய்மொழி சொன்னதில்லை.

சித்தப்பா, 7:36
அவர்களுடைய உச்சரிப்பு சுத்தம், அதனால் தெரியவில்லை. இப்போது?

தம்பி, 7:37
இப்போதும் உழைக்கிறார்கள். ஸ்ரேயா கோஷல் தமிழ் வரியை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்.

சித்தப்பா, 7:37
அதைத்தான் நானும் சொல்கிறேன்! மொழி தெரியாமல் வேறு எழுத்தில் எழுதிப் பாடினால் அது பாட்டா?

நான், 7:40
பொறுங்கோ. அப்பம்மாவின் பாட்டுக் கொப்பி இப்போது என் மடியில்தான் இருக்கிறது.
[படம்]
[படம்]
நீல மையில் எழுதியிருக்கிறார். வானொலியில் பிடிபடாத சொல்லுக்குப் புள்ளி வைத்துவிட்டு, அடுத்த முறை அதே பாட்டு போகும்போது பென்சிலால் நிரப்பியிருக்கிறார். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசிப் பக்கம்.

தம்பி, 7:43
‘ஸ்ரீ லங்கா மா பிரியாதர’... இது சிங்களமல்லவா?

நான், 7:44
ஓம். தமிழ் எழுத்தில் சிங்களப் பாட்டு. 1955இல் வந்த ‘செட சுளங்’ படத்துக்கு லதா மங்கேஷ்கர் பாடினது.

பெரிய மாமி, 7:45
ஐயோ! அந்த நாளில் அம்மாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் வராதே!

நான், 7:52
அப்பம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்: “பக்கத்து வீட்டு நோனா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தவ. பிழை விட்டால் தலையில் குட்டுவா. ஒரு கிழமை பிடித்தது. சனிக்கிழமை அதையும் போடச் சொல்லு, நான் கூடப் பாடுவேன்.”

சித்தப்பா, 8:30
சுசீலா 4, ஜானகி 3, பி.பி.எஸ். 2, டி.எம்.எஸ். 5. லதாவின் அந்தப் பாட்டு யாரிடமாவது இருக்கிறதா?

தம்பி, 8:31
யூடியூப்பில் தேடுகிறேன் 👍

பெரிய மாமி, 8:33
டி.எம்.எஸ்.ஸுக்கு மட்டும் என்ன 5?

சித்தப்பா, 8:33
மதுரை மதுரைதான்.