பொருள்: லேட்டன்சிக்குச் சுணக்கம் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

லேட்டன்சிக்கு, அதாவது கணினிக்குள் போன ஒலி திரும்ப வெளியே வர எடுக்கும் நேரத்துக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். தாமதம், உள்ளுறைவு, அனாகதம், சுணக்கம் என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எதற்காகக் கேட்டேன் என்பதை அப்போது சொல்லவில்லை. இங்கே கோலாலம்பூரின் செந்தூலில் மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு லினக்ஸ் கணினியில் ஒலிப்பதிவு சொல்லித்தர இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். மூன்றாவது பத்தியிலேயே இந்தச் சொல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் எனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று புரியும். பழைய மடிக்கணினியில் உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸைப் போட்டு, ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தேன். (ஆர்டர் என்று எழுதினால் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சொன்னதுபோல் இருக்கிறது, அதனால் ஓகாரம்.) முதல் தடத்தில் தம்புராவும் தாளமும். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது தடத்தில் மிருதங்கம். ஒவ்வொரு 'தோம்'உம் இரண்டு தடவை கேட்டது. ஒன்று தோலிலிருந்து நேராக, இன்னொன்று கணினிக்குள் போய்ச் சுற்றிவிட்டுப் பின்னால். இரண்டாவதுதான் ஹெட்போனில் சத்தமாக இருந்ததால், அதைத் தாளத்தோடு சேர்க்க என்னை அறியாமலேயே கையை முந்தவிட்டேன். பதிவைப் போட்டுக் கேட்ட என் மிருதங்க மாஸ்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஏன்டா ஓடுறே?"

வாசிக்கும்போது பிந்திக் கேட்டது, பதிவில் முந்தி விழுந்திருந்தது. பதிவாகும் தடத்தை ஆர்டோர் தானே கணக்குப் பார்த்து உரிய இடத்தில் வைத்துவிடும். அதற்கு அந்தச் சுற்றுநேரம் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

காரணம் இடையகம், அதாவது பஃபர். ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக (சாம்பிள்) அளந்தெடுக்கும் கணினி அவற்றை ஒவ்வொன்றாகக் கைமாற்றாது, கட்டுக்கட்டாகச் சேர்த்துத்தான் தரும். என் அமைப்பில் ஒரு கட்டுக்கு 1024, அப்படி இரண்டு கட்டு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 43 மில்லிநொடி. இது இடையகத்துக்கு மட்டும். ஒலியை எண்ணாக மாற்றித் திரும்ப ஒலியாக்கும் நேரம், யூஎஸ்பி எடுக்கும் நேரம் எல்லாம் தனி. காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் நான் என் மிருதங்கத்திலிருந்து 14 மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து வாசித்ததாக ஆகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளக் குழு முன்னால் போய்விட, நாம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து தாளம் போட்டால் எப்படி இருக்கும், அதே கதி.

128 மாதிரி, மூன்று கட்டு என்று குறைத்தேன். 8 மில்லிநொடி. மூன்று மீட்டருக்கும் குறைவு, மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே இருக்கும் தூரம்தான். 64க்கு இறக்கியதும் ஒலி படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது, திரும்பி வந்துவிட்டேன். லினக்ஸில் ஒலியைக் கைமாற்றும் மென்பொருள்கள் ஜாக், பைப்வயர் என்று இரண்டு. ஜாக்கில் இந்த எண்ணை நேராக அமைப்பில் மாற்றலாம். பைப்வயரில் இதற்குக் குவாண்டம் என்று பெயர். நிகழ்நேரக் கெர்னல், அதாவது வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும்படி திருத்திய லினக்ஸ் உள்ளகம், வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கான திருத்தங்கள் 2024இல் வந்த 6.12 பதிப்பிலேயே மூலக் கெர்னலில் சேர்ந்துவிட்டன. ஆனால் எனக்கு அது இல்லாமலேயே ஓடியது. கணினியில் பயனரை 'ஆடியோ' என்ற பயனர் குழுவில் சேர்த்து, நிகழ்நேர முன்னுரிமைக்கு அனுமதி கொடுத்ததே போதுமானதாக இருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

தாமதம் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதுதான் சிக்கலே. ஒலிப்பதிவில் டிலே என்று ஒரு விளைவு இருக்கிறது. குரலை வேண்டுமென்றே அரை நொடி கழித்துத் திரும்ப ஒலிக்கவைப்பது. அது நாம் கேட்டு வாங்குவது, லேட்டன்சி கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்வது. ஆர்டோரின் ஒரே சாளரத்தில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் தாமதம் என்று எழுதிவைத்தால், தாமதத்தைக் குறை என்று நான் சொன்னதும் பிள்ளைகள் போய் எதிரொலியைக் குறைத்துவிட்டு வருவார்கள்.

உள்ளுறைவு, உள்ளுறை வெப்பத்திலிருந்து (லேட்டன்ட் ஹீட்) வந்தது என்று தெரிகிறது. மலாயிலும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள், கெபெண்டாமான் என்று. பெண்டாம் என்றால் உள்ளே புதைத்து வைப்பது. சொற்பிறப்பின்படி குறை சொல்ல முடியாது. ஆனால் ஹெட்போனில் 'தோம்' இரண்டாகக் கேட்ட எனக்கு எதுவும் உள்ளே ஒளிந்திருந்ததாகத் தோன்றவில்லை, முகத்தில் அறைந்தது. இன்னொன்று, இதற்கு வினை கிடையாது. "ஒலி உள்ளுறைகிறது" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அனாகதத்தைப் பரிந்துரைத்தவர் மாஸ்டர். அவரை மறுத்து எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். தாளம் தொடங்கிய பின் பாட்டை எடுப்பது அனாகதம். பிந்தி வருவது என்ற அளவில் பொருத்தம் அழகுதான். ஆனால் மாஸ்டர், அனாகதத்தைத் தாளத்தின் அலகான அட்சரத்தில் அளக்கிறோம். அரை இடம் தள்ளி எடுப்பு என்றால், காலப்பிரமாணம் (வேகம்) கூடும்போது அந்த அரை இடமும் சுருங்கும். லேட்டன்சி சுருங்காது. நிமிடத்துக்கு 120 அடியில், அடிக்கு நான்கு மிருதங்கச் சொல் ('தோம்' போல ஒரு தட்டு) விழும்போது ஒரு சொல்லுக்கு 125 மில்லிநொடி. அங்கே 20 மில்லிநொடி பிந்தினால் சமாளித்துவிடலாம். எட்டுச் சொல்லாக்கினால் ஒவ்வொன்றுக்கும் 62தான், அப்போதும் அதே 20. சொல்லில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மெதுவான விளம்பத்தில் சரியாக இருந்த பையன் வேகமான துரிதத்தில் தடுமாறுவது இதனால்தான். அனாகதம் என்று பெயர் வைத்தால் இந்த வித்தியாசமே மறைந்துபோகும்.

மிச்சம் சுணக்கம். எங்கள் பாட்டி யாழ்ப்பாணத்து வழி. பள்ளிக்கூடம் விட்டு லேட்டாக வந்தால் "ஏன் சுணங்கினனீ?" என்பார். வழியில் நடந்த எதனாலோ பிந்தியிருக்கிறேன், வேண்டுமென்று பிந்தவில்லை என்பதை அந்தக் கேள்வியே ஒப்புக்கொள்ளும். இங்கே நடப்பதும் அதுதான். வினையும் இருக்கிறது: ஒலி சுணங்குகிறது. எண்ணோடு சேரும்: 8 மில்லிநொடிச் சுணக்கம். கூட்டுச்சொல்லும் வருகிறது. உள்ளே போய் வெளியே வரும் மொத்த நேரம் சுற்றுச் சுணக்கம். ஆர்டோர் கணக்குப் பார்த்துத் தடத்தை நகர்த்துகிறதே, அது சுணக்க ஈடு. வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைச் செருகி அந்த நேரத்தை அளந்து வைத்துக்கொள்வது சுணக்க அளவீடு.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள். குறிப்பை அச்செடுக்க வேண்டும்.

செந்தூலிலிருந்து

---

தம்பிக்கு,

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மறுப்பு. எங்கள் வீட்டில் சுணக்கம் என்றால் சோர்வு. காய்ச்சல் விட்ட பிள்ளை சுணங்கிக் கிடக்கும். மிருதங்கம் சோர்ந்துபோயிற்று என்று யாராவது எடுத்துக்கொண்டால்? அதோடு அகராதியைப் புரட்டினேன். சுணங்கு என்றால் சங்கப் பாட்டில் பெண்ணின் மேனியில் படரும் தேமல், சுணங்கன் என்றால் நாய். நல்ல குடும்பம்தான் போ.

இன்னொரு கேள்வி. 64இல் படபடவென்று வெடித்தது என்றாயே, எக்ஸ்ரன் என்று எண்ணிக்கை காட்டுமே, அதற்கு என்ன பெயர்? அதை விட்டுவிட்டாய்.

---

அக்கா,

சோர்வு என்ற பொருள் இருக்கட்டும். சோர்ந்த கணினிதான் சுணங்கும், அதிலும் தப்பில்லை. தேமலையும் நாயையும் பிள்ளைகளிடம் சொல்லமாட்டேன், சொன்னால் வகுப்பு நடக்காது.

எக்ஸ்ரன் என்பது அடுத்த கட்டு வந்து சேர்வதற்குள் கணினி தன் வேலையை முடிக்காமல் கோட்டைவிடுவது. இடறல் என்று வைத்துப் பார்த்தேன். "இடையகத்தைக் குறைத்தால் சுணக்கம் குறையும், இடறல் கூடும்." நேற்று வகுப்பில் இப்படியே சொன்னேன், ஒரு பையன் உடனே 256க்கு மாற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மாஸ்டர் இன்னும் பதில் போடவில்லை.