டேக்கில் இருந்த விலை

திருப்பூர், சமூக அறிவியல் ஆசிரியை:

நான் வேலை பார்க்கும் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் 'உலகக் குடிமக்கள் வாரம்' கொண்டாடினோம். சார்ட் அட்டையில் கொடிகள், கிமோனோ உடுத்திய பிள்ளைகள், கடைசி நாளில் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக ஓர் உண்டியல். உண்டியலில் விலா எலும்பு தெரிய நிற்கும் ஒரு சிறுவனின் படம். "இவன் எந்த நாடு மிஸ்?" என்று ஏழாம் வகுப்பு மாணவி கேட்டாள். படத்தைத் தேடி எடுத்து ஒட்டிய எனக்கே தெரியவில்லை. ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் என்று பாடம் நடத்துகிறவள் நான். கூசிப்போனேன்.

அடுத்த வாரம், வீட்டில் இருக்கும் வெளிநாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பையன் சின்ன அட்டைத் துண்டை நீட்டினான். டேக். அவன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். பிசிறு வெட்டி டேக் போடுவதும் அவர் வேலைதான். அச்சுப் பிசகியதால் கழித்துப்போட்ட அந்த டேக்கில் 14.99 யூரோ என்று இருந்தது. கரும்பலகையில் பெருக்கினோம், ஆயிரத்து முந்நூறு ரூபாயைத் தாண்டியது. "எங்கள் அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு வராதே" என்றான். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் பேசவில்லை.

அந்த ஒரு பீரியட் மூன்று வாரம் நீண்டது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தின் சாவரில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் படித்தோம். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள் என்றதும், பிள்ளைகள் எங்கள் ஊர்க் கட்டடங்களைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் நொய்யல் ஆறும் வந்தது: ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவு, 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, அப்போது வேலை இழந்த அப்பாக்கள்.

கம்பெனி வைத்திருக்கும் ஒரு பெற்றோர் கோபத்தோடு வந்தார். பேசப் பேச, ஒவ்வொரு சீசனும் பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், விலையைக் குறைக்கச் சொல்வதை அவரே விவரித்தார். அதை வகுப்பில் வந்து சொல்லுங்கள் என்றேன். வந்தார். நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட அது ஆழமாகப் பதிந்தது.

ஐ.நா. 2015இல் வகுத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 உலகக் குடியுரிமைக் கல்வியைக் கேட்கிறது. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் பிரேசிலில் பிறந்த கல்வியாளர் வனேசா ஆண்ட்ரியோட்டி 2006லேயே எச்சரித்திருக்கிறார்: வறுமை எப்படி உண்டானது, அதில் யாருக்கு லாபம் என்று கேட்காமல் இரக்கத்தை மட்டும் ஊட்டினால், காலனி ஆட்சிக்காரர்களின் பழைய மேட்டிமையைத்தான் பிள்ளைகளுக்குக் கைமாற்றுவோம் என்கிறார். என் உண்டியல் செய்தது அதைத்தான்.

டொரன்டோ, ஒரு தாய்:

உங்கள் உண்டியலில் இருந்த படத்தின் இடத்தில் என் மகளை நிறுத்தினார்கள். ஏழை நாடுகளுக்கு உதவுவது பற்றிய பாடத்தில், இலங்கையின் கஷ்டங்களைச் சொல்லும்படி ஆசிரியை அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். பிள்ளை இங்கேயே பிறந்தவள். "நான் என்ன சொல்ல வேணும் அம்மா?" என்று வந்து நின்றாள்.

இருவரும் உட்கார்ந்து தேயிலையைப் பற்றி எழுதினோம். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய் இலங்கையின் மலையகத்தில் தோட்டங்களை வளர்த்தது பிரித்தானியர் காலம். நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமைக்கு வழி திறக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்த ஊரிலேயே குடிமக்கள் இல்லை என்று சொல்லப்பட்டவர்களை விட்டுவிட்டு உலகக் குடியுரிமையைக் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடவுச்சீட்டு கையில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் எளிது.

மகள் வாசித்து முடித்ததும் ஒரு மாணவன், "அவர்களுக்கு நாம் எவ்வளவு அனுப்பலாம்?" என்று கேட்டானாம். ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லையாம். தன் மேசையில் இருந்த தேயிலைப் பெட்டியை எடுத்துத் திருப்பி, அதன் அடியில் இருந்த சின்ன எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினாராம்.