புதுப்பிப்பு: மூடுபனிக் கொலுசை ஆடிப் பார்த்தாயிற்று

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் ஃபாக் கிளவுட் என்ற, மூடுபனி எழுப்பும் ஒரே மந்திரத்தை வைத்து கொலுசு, காபிக்கொட்டை, பனை விசிறி என்று மாயப் பொருள்கள் செய்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டோம்.

எல்லோருக்கும் பிடித்தது கொலுசுதான். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு மாதிரி கனமானது, குதிகாலால் இரண்டு முறை தரையைத் தட்டினால் சுற்றிலும் 20 அடி ஆரத்துக்குப் பனி எழும். வழக்கமாக மந்திரம் போட்டவர்தான் கவனம் சிதறாமல் அதைப் பிடித்து வைக்க வேண்டும், அந்த வேலையைக் கொலுசே செய்யும் என்று எழுதியிருந்தேன், அது ரொம்ப அதிகம் என்று இங்கே சிலர் சொன்னது சரிதான். இப்போது நாளுக்கு ஒரு முறை, 10 நிமிடம் மட்டும், நடந்தால் சலசலக்கும், அதனால் பனிக்குள் ஒளிய முடியாது.

இன்னொன்று, நான் யோசிக்கவே இல்லை, வில்லாளியாக ஆடிய தம்பிதான் காட்டினான்: பனிக்குள் இரண்டு பக்கமும் கண் தெரியாததால் சாதகமும் (இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) பாதகமும் (சிறிய எண்ணை எடுப்பது) கழிந்துபோய் ஒரே பகடைதான் உருளும். எதிரி மந்திரவாதிக்கோ குறிபார்க்க ஆளே தெரியாது. அங்கேதான் கொலுசின் உண்மையான பலம்.

காபிக்கொட்டையை எடுத்துவிட்டேன். பனை விசிறி இருக்கட்டும், மணிக்கு 10 மைல் காற்றுக்கே பனி கலையும் என்று 2014 விதிநூலே சொல்வதால் கொலுசுக்கு அது நல்ல எதிரி.

அடுத்த ஆட்டம் ஏற்காட்டு மலைப்பாதையில், 20 கொண்டை ஊசி வளைவையும் வரைபடமாக வரைந்துகொண்டிருக்கிறேன்.