காலிப்பணியிட மதிப்பீடு: இளநிலை உதவியாளர் எண்ணிக்கையை எப்படி எடுப்பது?

தாள்கட்டு:
எங்கள் மாவட்ட அலகில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்: கண்காணிப்பாளர் 4, உதவியாளர் 12, இளநிலை உதவியாளர் 40. முதல் இரண்டும் நிரம்பியவை. இளநிலை உதவியாளர் 34 பேர்தான். மதிப்பீட்டு ஆண்டில் கண்காணிப்பாளர் 2, உதவியாளர் 3, இளநிலை உதவியாளர் 1 ஓய்வு. டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 நேரடி நியமனத்துக்கு 6+1 = 7 என்று அனுப்பலாமா? அல்லது கடந்த 5 ஆண்டு ஓய்வுச் சராசரியைச் சேர்க்க வேண்டுமா?

சுழற்சி200:
7 அனுப்பினால் ஆண்டுக் கடைசியில் மேசைதான் இருக்கும், ஆள் இருக்காது. மேலிருந்து கீழே இறங்குங்கள். கண்காணிப்பாளர் 2 போனால் உதவியாளர் 2 பேர் மேலே போவார்கள். ஓய்வு 3 சேர்த்தால் உதவியாளரில் 5 காலி. அந்த 5-க்கும் இளநிலை உதவியாளர்கள் ஏறுவார்கள். ஆக 6+1+5 = 12.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். உங்கள் துறையில் உதவியாளருக்கு குரூப் 2ஏ வழி நேரடி நியமனம் உண்டென்றால், அந்தப் பங்கு கீழே இறங்காது; 5-இல் 1 நேரடி என்றால் 11. அடுத்தது பதவி உயர்வுக்கான துறைத்தேர்வு. தேர்ந்தோர் பட்டியலில் (பதவி உயர்வுப் பட்டியல்) வரத் தகுதியுள்ளவர் 3 பேர்தான் என்றால் 3 பேர்தான் ஏறுவார்கள், அப்போது 10. பணிமூப்புப் பட்டியலை மட்டும் பார்த்து 12 என்று எழுதிவிட்டு, தேர்வாகி வருபவருக்கு இடமில்லாமல் முழிப்பது இதனால்தான்.

இனச்சுழற்சியை (எந்த இடம் எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்ற வரிசை) 1-லிருந்து தொடங்காதீர்கள். 200 சுழற்சியில் கடைசி நியமனம் எந்த எண்ணில் நின்றதோ, அதற்கு அடுத்ததிலிருந்து.

பணிப்பதிவேடு:
சராசரி வேண்டவே வேண்டாம். ஓய்வு வயது 2020 மேயில் 58-லிருந்து 59, 2021-இல் 60. 31.5.2020-இல் போக வேண்டியவர் 31.5.2022-இல்தான் போனார். இடையில் வயது முதிர்வு ஓய்வே கிட்டத்தட்ட இல்லை (அலுவலக உதவியாளர் போன்ற அடிப்படைப் பணியாளர் தவிர; அவர்களுக்கு முன்பே 60). அந்த வெற்று மாதங்கள் சராசரியில் விழுந்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

பிறந்த தேதியை ஆள் ஆளாகப் பாருங்கள். 1.6.1966-இல் பிறந்தவர் 31.5.2026-லேயே ஓய்வு, 2.6.1966 என்றால் 30.6.2026. எக்ஸெலில் 60 ஆண்டு கூட்டி மாதக் கடைசி போட்டால் முதல் தேதிக்காரர்கள் ஒரு மாதம் தள்ளிவிடுவார்கள். பள்ளியில் சேர்க்க வயதைச் சரிக்கட்டி மே, ஜூன் என்று எழுதிய தலைமுறை வேறு. இந்தத் தவறு ஒன்றிரண்டு பேரோடு நிற்காது.

தாள்கட்டு:
நன்றி. 34-இல் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம், ஒருவர் மகப்பேறு விடுப்பு, ஒருவர் வேறு அலுவலகத்தில் மாற்றுப்பணி. இவற்றைக் காலி என்று காட்டலாமா?

சுழற்சி200:
கூடாது. மூவருக்கும் உங்களிடம்தான் இடம். மகப்பேறு விடுப்பு 365 நாள் என்றாலும் திரும்பி வருபவர்தான். வேலை நடக்கவில்லை என்பது வேறு, பணியிடம் காலி என்பது வேறு. கருணை அடிப்படையில் ஏற்கெனவே ஒதுக்கியது இருந்தால் மட்டும் கழியுங்கள்.

அனுப்பும் முன் 40-இல் எத்தனை தற்காலிகப் பணியிடம் என்று பாருங்கள். அவற்றைத் தொடர அனுமதிக்கும் நீட்டிப்பு ஆணை காலாவதியாகியிருந்தால், ஆள் வந்து சேர்ந்த பிறகு சம்பளப் பட்டியல் கருவூலத்திலிருந்து திரும்பி வரும். ஆணையை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு எண்ணிக்கையை எழுதுங்கள்.