கோட்பாட்டுக்குள் அடங்காத அந்த ஒருவர்: உங்கள் களத்தில் யார்?

இரவுக்குறிப்பு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்தாவது நேர்காணல். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் எப்போது விதியை மீறுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. சில மருந்துகளைக் கொடுப்பதற்கு முன் இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், தெரிந்திருக்கும். அதற்குள் பதினான்கு பேரிடம் பேசி முடித்திருந்தேன். வேலை அதிகம், ஆள் குறைவு, அதனால் பார்க்காமலே இரண்டாவது கையெழுத்து விழுகிறது என்றுதான் எல்லோரும் சொன்னதாக எனக்குப் பட்டது. பணிச்சுமை கூடினால் மீறல் கூடும். வழிகாட்டிக்கும் பிடித்திருந்தது. அத்தியாயத்துக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

பதினைந்தாவது ஆள் இருபது வருட அனுபவம் உள்ளவர். கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, "இல்லைங்க, வேலை கம்மியா இருக்கற ராத்திரியிலதான் நாங்க சரிபாக்க மாட்டோம்" என்றார்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அப்படியே நிறுத்தினார். "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதை 'பிற' என்ற கோப்புறையில் போட்டு ஆறு மாதம் திறக்காமல் இருந்தேன். நேர்காணல் வரிகளுக்கு மறுபடி குறியிட, அதாவது வகைப்பெயர் போட, உட்கார்ந்தபோதுதான், முன்பு பேசியவர்களில் நான்கு பேர் அதையே வேறு சொற்களில் சொல்லியிருந்தது கண்ணில் பட்டது. "தெரிஞ்சவங்கதானே", "அவங்க ஊசியில எடுக்கற விதத்தைப் பாத்தாலே போதும்" போன்ற வரிகளுக்கெல்லாம் நான் 'பணி அனுபவம்' என்று குறி போட்டுக் கடந்திருக்கிறேன். பரபரப்பான இரவில் வேறு வார்டிலிருந்து அனுப்பப்பட்ட, முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் நிற்பார். அவர் எடுத்ததைச் சரிபார்ப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. அமைதியான இரவில் இருப்பது பல வருடம் சேர்ந்து வேலை பார்த்த இரண்டே பேர். அங்கே ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் திரும்ப அளப்பது, 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. நான் சுமையை அளந்துகொண்டிருந்தேன், விஷயம் அந்த இருவருக்கும் நடுவில் இருந்தது. ஆய்வேடு அங்கே திசை திரும்பியது.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். எழுதுங்கள்.

நான்காம் வரைவு

என் கதையில் அது ஓர் அம்புக்குறி.

துறைக் கருத்தரங்கு. குடியிருப்போர் கூட்டங்களுக்கு யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்பதற்கு ஒரு கோட்பாட்டு மாதிரியை வரைந்து திரையில் போட்டிருந்தேன். ஒன்பது கட்டங்கள், பதினான்கு அம்புகள். 'நம்பிக்கை'யிலிருந்து 'பங்கேற்பு'க்கு ஒரு தடித்த அம்பு. பின்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து முன்னால் வந்து, திரையில் அந்த அம்பின் மேல் விரலை வைத்தார். அவர் கையின் நிழல் பாதிப் படத்தை மறைத்தது. "இதுக்குள்ள என்ன நடக்குது?" என்றார். நான் புள்ளியியல் முடிவைச் சொன்னேன். "அது எவ்வளவுங்கறதுக்குப் பதில். ஒருத்தர் நம்பறார். அப்புறம் ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து உட்கார்றார். நடுவுல என்ன நடந்தது?" என்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை. விரலை எடுக்காமல் காத்திருந்தார்.

எது கோட்பாடு ஆகாது என்று ராபர்ட் சட்டனும் பேரி ஸ்டாவும் 1995இல் எழுதிய கட்டுரையை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். மேற்கோள்கள், தரவு, மாறிகளின் பட்டியல், வரைபடம், கருதுகோள் ஆகிய ஐந்தும் தம்மளவில் கோட்பாடு ஆகாது என்கிறார்கள். என் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஐந்தும் இருந்தன, 'ஏன்' என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, கூட்டத்துக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் நேரில் பார்த்துப் பேசினேன். பக்கத்து வீட்டாரை நம்புகிறவர், அவர் கதவைத் தட்டிக் கூப்பிட்டதால் வந்திருக்கிறார். நிர்வாகிகளை நம்புகிறவர், 'அவங்க பாத்துப்பாங்க' என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். என் கேள்வித்தாளில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரே கட்டம்.

தரவே பேசட்டும்

இரவுக்குறிப்பு, வருத்தப்படாமல் கேளுங்கள். பதினைந்தாவது நேர்காணலில் ஒன்றும் தவறவில்லை. முதல் நேர்காணலுக்குக் கிளம்பும்போதே தவறிவிட்டது. பணிச்சுமை என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறீர்கள். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967 நூலில் எதை எதிர்த்து எழுதினார்கள்? பெரியவர்கள் கோட்பாடு செய்வார்கள், அடுத்து வருபவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தால் போதும் என்ற நிலையைத்தான். கோட்பாடு தரவிலிருந்து வரவேண்டும். அதற்கு நாம் வழிவிட வேண்டும்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் பற்றி ஆய்வு செய்தபோது, வேண்டுமென்றே எதையும் படிக்காமல் போனேன். மூன்றாவதாகப் பேசிய அம்மா, பக்கத்து அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "அவர் தூங்கும்போதுதான் நான் அவருக்கு மனைவி. முழிச்சிட்டா நர்ஸ்." நூலகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால் அதைப் 'பராமரிப்புச் சுமை' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். என் ஆய்வேடு முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

பழைய கோப்பு

'தரவே பேசட்டும்' சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெறும் மனதோடு யாரும் களத்துக்குப் போவதில்லை. நீங்கள் சொல்லும் இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராஸ், களத்தில் இறங்கி மக்களைக் கவனிக்கும் சிகாகோ சமூகவியல் மரபில் வளர்ந்தவர். கிளேசர் கொலம்பியாவில், கோட்பாட்டாளர் மெர்ட்டனும் கணக்கெடுப்பு ஆய்வில் பெயர்பெற்ற லாசர்ஸ்ஃபெல்டும் இருந்த துறையில் படித்தவர். ஆய்வாளர் வெற்றுப் பலகையாகக் களத்தை அணுகுவதில்லை என்று அந்த 1967 நூலின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. பிறகு இந்த விஷயத்தில்தான் இருவரும் பிரிந்தார்கள். 1990இல் ஸ்ட்ராஸ் ஜூலியட் கார்பினோடு சேர்ந்து செய்முறை நூல் எழுதினார். அது தரவின் மேல் கருத்தைத் திணிப்பது என்று 1992இல் கிளேசர் ஒரு நூல் முழுக்க மறுத்து எழுதினார். உங்களுக்கும் அந்த அம்மாவின் வரி உறைத்தது ஏன்? மனைவி என்றால் எப்போதும் மனைவிதான் என்று நீங்களும் நினைத்திருந்தீர்கள். இரவுக்குறிப்புக்கு அதிர்ச்சி வந்ததும் அவரிடம் ஓர் எதிர்பார்ப்பு இருந்ததால்தான். எதையும் எதிர்பார்க்காதவருக்கு எதுவும் வியப்பாக இருக்காது. வியப்பிலிருந்துதான் புதிய ஊகம் பிறக்கிறது என்று மெய்யியலாளர் சார்ல்ஸ் பியர்ஸ் சொன்னதும் இதைத்தான்.

என் கதை வேறு மாதிரி. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் தனிமை பற்றி ஒரு கணக்கெடுப்பு. தனியாக வாழ்பவர்களிடம்தான் தனிமை அதிகம் இருக்கும் என்று எழுதிவைத்துத் தொடங்கினோம். குடும்பத்தோடு இருப்பவர்களிடம் அதிகமாக வந்தது. உடன் எழுதியவர், "முன்னுரையை மாத்திடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். எங்கள் பழைய கருதுகோளை அழித்துவிட்டு, 'குடும்பத்தோடு வாழ்வோரிடம் தனிமை மிகுந்திருக்கும் என எதிர்பார்த்தோம்' என்று தட்டச்சு செய்தது என் விரல்கள். எதிர்பார்க்கவில்லை. முடிவு தெரிந்த பிறகு கருதுகோள் போடும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998இல் 'ஹார்க்கிங்' என்று பெயரே வைத்துவிட்டார், அதைப் படித்திருந்தும் செய்தேன்.

ஐந்து வருடம் கழித்து, முகம் தெரியாத ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 'எந்தத் தர்க்கத்தை வைத்து இதை முன்பே எதிர்பார்த்தீர்கள்? என் ஆய்வுக்கு அந்தப் பகுதிதான் தேவைப்படுகிறது.' ஒரே வீட்டில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும்போது ஏன் தனிமை கூடுகிறது என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். கோட்பாடு அங்கேதான் கிடந்தது. நாங்கள் அதை 'எதிர்பார்த்தோம்' என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டோம். அந்த மின்னஞ்சலுக்கு இன்றுவரை நான் பதில் எழுதவில்லை.

ஓரக்குறிப்பு

சுருக்கமாக. ஒரு தொழிற்கூடத்தில் வாரக் கூட்டங்களைக் கவனித்து எழுதினேன். ஒரு பெண் எட்டு வாரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'மௌன எதிர்ப்பு' என்று கருத்தாக்கம் செய்து, அதிகாரம் பற்றிய நூல்களோடெல்லாம் இணைத்து, இருபது பக்கம் எழுதியிருந்தேன். பங்கேற்றவர்களிடம் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதால் அவரிடம் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு அப்ப ரொம்பக் களைப்பு. அவ்வளவுதான்."

அவரே அறியாத எதிர்ப்பு அது என்று எழுதி என் கருத்தைக் காப்பாற்றியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எதைக் காட்டினாலும் எதிர்ப்பு என்று வாசிக்க முடிகிற ஒரு கோட்பாடு எதைத்தான் விளக்குகிறது? களைப்பு என்ற சொல்லை வைத்து மறுபடி தொடங்கினேன். கூட்டம் எந்த நேரத்தில் வைக்கப்படுகிறது, அதற்கு முன்னால் யார் எவ்வளவு நேரம் நின்றுகொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பேசுபவர் யார், பேசாதவர் யார் என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடுகிறது. அதிகாரம் அதிலும் இருக்கிறது, ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை.

மூன்றாம் மேசை

என் அனுபவம் சின்னது. கடன் வாங்கியவர்களிடம் பேசும்போது ஒருவர் மட்டும் என் வகைகள் எதிலும் வரவில்லை. வழிகாட்டி 'ஒருத்தர்தானே, விட்டுவிடு' என்றார். விட்டுவிட்டேன். இப்போதும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன், புதிதாக வருபவர்கள் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி செய்த வேலையைப் பாருங்கள். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953இல் நூலாக்கினார். தங்கள் தொழிலில் இது பெரிய குற்றமில்லை என்று கற்றுக்கொண்டதால் எடுத்தார்கள் என்பது அவர் முதல் ஊகம். கைதிகளோ, சட்டவிரோதம் என்று தெரிந்துதான் எடுத்தோம் என்றார்கள். ஊகத்தைக் கைவிட்டார். அவசரத் தேவை வந்ததால் எடுத்தார்கள் என்பது அடுத்தது. இதைவிடப் பெரிய தேவை முன்பு வந்தபோது எடுக்கவில்லையே என்றார்கள் சிலர். அதுவும் போனது. கடைசியில், வெளியே யாரிடமும் சொல்ல முடியாத பணச்சிக்கல் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதை ரகசியமாகத் தீர்க்கும் வழி தன் பொறுப்பிலேயே இருக்கிறது என்று ஒருவர் கண்டுகொள்ள வேண்டும். 'திருடவில்லை, கடனாக எடுக்கிறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் கோட்பாட்டை நகர்த்தியது பொருந்தாத ஆள்தான். கோட்பாடு முடிந்தது என்று தோன்றும்போது பொருந்தாத ஆளைத் தேடிப் போங்கள், அவர் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், குறிப்பு எழுதுங்கள். ஒவ்வொரு நேர்காணல் முடிந்ததும் அன்று இரவே, 'இன்று என் ஊகத்தில் எது ஆடியது' என்று அரைப் பக்கம் எழுதித் தேதி போடுங்கள். மென்பொருளில் குறிகளை அடுக்குவது மட்டும் சிந்தனை ஆகிவிடாது. இன்னொன்று: பதிலளிப்பவர் உங்கள் சொல்லைத் திருத்தினால், அந்த இடத்தில் அடிக்கோடு போடுங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் வேலை கிடைத்த கதைகளைக் கேட்டபோது, வேலை பற்றிச் சொன்னது நண்பரா என்றதற்கு, 'நண்பர் இல்லை, தெரிந்தவர்' என்று பலர் திருத்தினார்கள். நெருக்கமில்லாத உறவுகளின் வலிமை பற்றிய அவருடைய 1973 கட்டுரை அந்தச் சின்னத் திருத்தத்துக்குக் காது கொடுத்தவரின் கட்டுரை. 'பன்னிரண்டு நேர்காணல் போதும்' என்று சொல்கிறவர்களிடமும் கவனமாக இருங்கள். ஒத்த தன்மையுள்ள குழுவில் பொதுவான கருப்பொருள்கள் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டதாக 2006இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். கருப்பொருள் கிடைப்பது வேறு, கோட்பாடு கிடைப்பது வேறு. இரவுக்குறிப்பு பன்னிரண்டில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தரவே பேசட்டும்

பழைய கோப்பு சொன்ன அடிக்குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. ஆனாலும் எதிர்பார்ப்போடு போவதும் விடையோடு போவதும் ஒன்றில்லை. அந்த மாணவிக்கு எழுதிவிடுங்கள்.

நான்காம் வரைவு

இரவுக்குறிப்பு, ஒரு கேள்வி. 'நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா' என்று அவர் கேட்டாரே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவில்லை.

இரவுக்குறிப்பு

'இல்லை இல்லை, சரியாத்தான் சொன்னீங்க' என்று சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத்துப் பிரதியை எடுத்தேன். அந்த இடத்தில் 'அமைதி' என்று மட்டும் இருக்கிறது. நான் வேலை செய்தது முழுக்க அந்தப் பிரதியை வைத்துத்தான்.

நேற்று ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். அவர் கேள்விக்குப் பிறகு ஒன்பது நொடி. தூரத்தில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம். பிறகு என் குரல்: "சரி, அடுத்த கேள்விக்குப் போலாமா?"

"ம். போலாம்."

அதுவரை பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஒவ்வொன்றையும் விளக்கியவர். அதற்குப் பிறகு இன்னும் பதினொரு கேள்விகள் கேட்டிருக்கிறேன். பதினொன்றுக்கும் ஒவ்வொரு வரிதான் பதில்.